ரிசர்வில் விட்டுப் போன கை

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் என் கடைவண்டியை எடுத்துக்கொண்டு போய், வழியில் வண்டி இருமியதும் பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பி, வந்து நிறுத்திவிட்டு, அதைத் திரும்ப மாற்றி வைக்காமல் ஒன்றுமே நடக்காத முகத்தோடு நடந்து போனாயே, உன்னைத்தான் சொல்கிறேன். உன்னால் ஒரு பஸ் நிறையச் சனம் பார்க்க நான் மலையில் வண்டி தள்ளினேன். உன்னால் ஒரு பெரிய வேலை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் நிற்கிறது.

டூவீலர் பழுது பார்க்கிற தொழிலில் பெரிய சாமான் எதுவும் ஆளைக் கொல்லாது. இஞ்சின் போனால் இறக்கி ஏற்றிவிடலாம். டேங்குக்கு அடியில் கட்டைவிரல் தடிமனில் தொங்குகிறதே பெட்ரோல் டேப், அதுதான் மானத்தை வாங்கும். புது வண்டிக்காரர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை, அந்த வண்டிகளில் இந்தத் திருகே கிடையாது. முள் காட்டும், விளக்கு எரியும். இடது கையால் குனிந்து தடவிப் பார்க்கிற பழைய வண்டிக்காரர்களான என் இனத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் நடந்திருக்கும், எனக்குத் தெரியும்.

விஷயம் சின்னது. டேப்பிலிருந்து டேங்குக்குள் ஒரு குழாய் உயரமாக நிற்கும். அதன் காலடியிலேயே ஒரு ஓட்டை இருக்கும். திருகு 'ஆன்' பக்கம் நின்றால் உயரக் குழாய் வழியாகப் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் வண்டி இருமும். அப்போது ரிசர்வுக்குத் திருப்பினால் காலடி ஓட்டை திறந்து, பங்க் போய்ச் சேரும் அளவுக்கு மிச்சப் பெட்ரோல் வரும். பெட்ரோல் போட்டதும் மறுபடி ஆனுக்குத் திருப்ப வேண்டும். திருப்பாமல் விட்டால் அடுத்த தடவை வருகிற இருமல் எச்சரிக்கை இல்லை. நேரே சாவுதான்.

எனக்கு அஞ்சுகிராமத்தில் கடை. பழைய வண்டி வாங்கி விற்பேன், பழுதும் பார்ப்பேன். பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு என்னைக் கைவிட்டது. மீதியைப் பழைய வண்டி விற்க வந்தவர்கள் என்னை ஏமாற்றி ஏமாற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். முன்கோபக்காரி என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னவர்களிடம் நேரில் போய்க் கேட்டேன், இப்போது சொல்வதில்லை. பழுதுக்கு வண்டியை விட்டுப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று ஒரு பழைய வண்டியை இரவல் கொடுப்பேன். அதுதான் கடைவண்டி. அதற்கு முள்ளும் இல்லை, விளக்கும் இல்லை. நம்பிக்கை ஒன்றுதான்.

சிரட்டை

ஞானதாசண்ணன் கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒருநாள் தன் வண்டியைக் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். டேப்புக்குக் கீழே கம்பி கட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்குகிறது. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுவார்களே, அதே கம்பி, அதே சாய்வு. அதில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுகிறது. "நெறஞ்சா எடுத்து டேங்குல ஊத்திக்கிடுவேன். ஒரு சொட்டு வீணாகாது" என்றார். பக்கத்திலேயே சைலன்சர் சூட்டில் தகிக்கிறது. நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அவர் அமைதியாக, "மரத்துல வடிஞ்சா ஐசுவரியம், வண்டியில வடிஞ்சா அபாயமா?" என்றார்.

டேப்பைக் கழற்றினேன். திருகுக்குப் பின்னால் நாலு ஓட்டை போட்ட ஒரு ரப்பர் வாசர் இருக்கும். எந்த ஓட்டை திறக்கணும், எந்த ஓட்டை அடைக்கணும் என்று தீர்மானிக்கிற சாமானே அதுதான். அந்த இடத்தில் ஆப்பம் மாதிரி உப்பிப்போய் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அண்ணன் பழைய வாசர் கிழிந்ததும் தோட்டத்து ரப்பர் ஷீட்டிலிருந்து தாமே ஒன்று வெட்டிப் போட்டிருக்கிறார். மரத்து ரப்பருக்குப் பெட்ரோல் ஆகாது, குடித்துக் குடித்து வீங்கிவிடும். பெட்ரோலுக்கு அசையாத கறுப்பு வாசர் கடையில் தனியாக விற்கிறது. அதைப் போட்டு, இரண்டு திருகாணியையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். ஒரு பக்கத்தை மட்டும் பலம் காட்டி முறுக்கினால் டேப் விரிசல் விடும். எல்லாம் செய்து காட்டினேன். அண்ணன் உப்பிய வாசரை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "ஊர்ல உள்ள டயருக்கெல்லாம் பால் குடுக்கோம், நம்ம சொந்த வாசருக்கு ஆகலியே, மக்கா" என்றார்.

போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கிற பழைய வண்டிகள் எல்லாவற்றையும் இனி ஒரே கடையில் கொடுப்பதாகப் பேசியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பால் அளந்து முடிந்ததும் கூடுவார்கள். தக்கலையிலிருந்தும் ஒரு கடைக்காரர் வருகிறார். யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை. பேரம் பேசுவதில் என்னை வெல்ல ஒரு ஆளா? சனிக்கிழமையே மனதுக்குள் பேசி ஜெயித்துவிட்டேன்.

தாலாட்டு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கடைவண்டியில் கிளம்பினேன். பெட்ரோல் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கணும்? ஆனில் நின்றால் இருமும், இருமினால் ரிசர்வ் இருக்கிறது, ரிசர்வில் மலை ஏறி இறங்கிவிடலாம். அதற்குத்தானே அந்த டேப்பைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்? பூதப்பாண்டி தாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி, ஏற்றத்தில் வண்டி இருமியது. நான் சிரித்துக்கொண்டே இடது கையைக் கீழே விட்டேன். திருகு ஏற்கெனவே ரிசர்வில் நிற்கிறது.

அந்த நொடி இருக்கிறதே. படுக்கையில் தலையணைக்குக் கீழே கண்ணாடியைத் தேடும்போது அது மூக்கிலேயே இருந்தால் சிரிப்பு வரும். இது அதற்கு நேர் எதிர். வண்டி நின்றது. அப்போது எனக்கு உன் முகம் தெரியாது, ஆனாலும் உன்னைத் திட்டினேன். மரத்தில் இருந்த குரங்குகள் இடம் மாறிப் போயின.

தொழில்காரிக்கு இன்னும் ஒரு வித்தை உண்டு. டேங்க் நடுவில் பள்ளமாக வளைந்து சட்டத்தின் மேல் குதிரைச் சேணம்போல உட்கார்ந்திருக்கும். டேப் இடப்பக்கம். வலப்பக்கக் குழியில் கொஞ்சம் பெட்ரோல் இந்தப் பக்கம் வர வழியில்லாமல் தேங்கிக் கிடக்கும். வண்டியை இடப்பக்கமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் அது இந்தப் பக்கம் குதித்து வரும். ரோட்டோரத்தில் வண்டியைக் கட்டிப்பிடித்துப் படுக்கப் போடுகிறேன், நிமிர்த்துகிறேன், கொஞ்ச தூரம் ஓடுகிறது, நிற்கிறது. மறுபடி படுக்கப் போடுகிறேன். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து பஸ் வந்து வளைவில் வேகம் குறைத்தது. உள்ளே இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. கண்டக்டர் படியில் நின்றபடி, "என்ன யக்கா, பிள்ளைக்கு இன்னும் ஒறக்கம் வரலியா?" என்றார்.

கட்டஞ்சாயா

மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பால் அளக்கிற கொட்டகைக்கு முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். நடுவில் தக்கலைக்காரர், தேய்த்த சட்டை, கையில் பால் ஊற்றாத கட்டஞ்சாயா. பேசி முடித்துவிட்டார் என்பது சாயா பாதி காலியானதில் தெரிந்தது. என்னையும் என் வண்டியையும் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "பெட்ரோல் இருக்கான்னு பாக்கத் தெரியாத ஆளும் மெக்கானிக்குதான், இந்தக் காலத்துல."

எனக்கு வந்த கோபத்தில் மலை கொஞ்சம் நகர்ந்திருக்கும். யாரோ ரிசர்வில் விட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். "அடுத்தவன் மேல போடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. விறுவிறுவென்று போய் அங்கே நின்ற அவர்கள் வண்டிகளை வரிசையாகப் பார்த்தேன். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாத் திருகும் ரிசர்வில் நிற்கிறது. ஏன் என்று கேட்டால், ரிசர்வில் ஓட்டினால்தான் டேங்கில் உள்ளது முழுதும் வருமாம். "முழுசும் வரும், வந்து முழுசும் தீரும், தீருததைச் சொல்ல ஆளு இருக்காது. சம்பளம் வந்தன்னைக்கே கடைசி ரூவாயையும் எடுத்துச் சட்டைப் பையில வச்சிட்டு நடப்பியளா?" என்று கத்தினேன். ஒவ்வொருவராக எழுந்து போய்த் திருகைத் திருப்பினார்கள். தக்கலைக்காரர் சாயாவைக் கீழே வைத்தார்.

அவர்களுக்குள் குசுகுசுவென்று பேச்சு. கடைசியில் ஞானதாசண்ணன் முன்னால் வந்தார். "நீ பேசுனது எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா தள்ளிட்டு வந்ததையும் எல்லாரும் பாத்தாச்சுலா. நீ பெட்ரோல் பாக்காம வந்துட்டுக் கதை சொல்லுதியா, இல்ல ஒருத்தன் விட்டுட்டுத்தான் போனானான்னு எங்களுக்குத் தெரியணும். இந்த மாசக் கடைசி ஞாயிறு வரைக்கும் பொறுக்கோம். ஆளைக் கூட்டிட்டு வா. அந்தக் கையே எங்க முன்னால திருகைத் திருப்பி வைக்கட்டும். வண்டியெல்லாம் உனக்குத்தான். இல்லன்னா தக்கலைக்கு."

இரவல் பெட்ரோலில் வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறவர். கோவிலில் காணிக்கைப் பை தன் பக்கம் வந்தாலே கூச்சப்பட்டு நெளிகிற மனிதர். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் சட்டை நனைந்துவிடும். சாளை மீன் குழம்பு வைத்திருந்தார். கோபத்தில் இரண்டு தட்டுச் சோறு தின்றேன். அவர் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, "யாரோ பாவம், மறந்திருப்பாங்க. மன்னிச்சு விட்டுரு" என்றார்.

அடிமடை

மன்னிக்கிற குணம் எனக்கு இல்லை. அந்த வாரம் கடைவண்டியை இரவல் வாங்கியவர்கள் இரண்டே பேர். முதலில் தேரூர் சிவதாணு அண்ணாச்சியைப் பிடித்தேன். நெல் வயல் உள்ளவர். கடைவண்டியைக் கொடுக்கும்போதே டேப்பைப் பற்றி அவருக்கு விளக்கியிருந்தேன். அவர் ஒரே நிமிடத்தில், "ஓ, குளத்துல மேல்மடை, அடிமடை மாதிரி" என்று பிடித்துக்கொண்டார். மேல்மடையில் தண்ணீர் வருவது நின்றால் குளம் இறங்குகிறது என்று அர்த்தம். அடிமடையை அவசரத்துக்குத்தான் திறக்கணும். நான் இத்தனை வருடம் தொண்டை கிழிய விளக்கியது இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் இதையே நான் கண்டுபிடித்ததுபோலச் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவரிடம், "அண்ணாச்சி, ரிசர்வில் விட்டது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார். முகம் சிவந்துவிட்டது. "பிள்ளே, எங்க அப்பா, அவுக அப்பா எல்லாம் அடிமடையை அடச்சிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சோறு தின்னுவாங்க. என்னைத் திருடன்னு சொல்லு, கேட்டுக்கிடுதேன். மடையைத் தொறந்து போட்டுட்டுப் போனவன்னு மட்டும் சொல்லாத."

தண்ணி

அடுத்தது எங்கள் சபை உபதேசியார். அவர் வண்டி கடைக்கு வந்ததே ஒரு கதை. மழைக்காலம் முழுக்க மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார். டேப்பின் அடியில் சின்னக் கிண்ணம்போல ஒரு மூடி உண்டு. அதைக் கழற்றினால் டேங்கின் குப்பையெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். மழை முடிந்ததும் அதைக் கழுவி, உள்ளே இருக்கிற சல்லடையையும் பழைய பல் விளக்கும் பிரஷால் தேய்த்து மாட்டினால் டேப் தொந்தரவு தராது. அவர் வண்டிக் கிண்ணத்தில் முத்து முத்தாக உருண்டுகொண்டிருந்தது தண்ணீர். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். நான் கடைக்குள்ளிருந்து வழக்கம்போலச் சத்தமாக, "உபதேசியாரய்யா, உள்ள பூரா தண்ணிதான். கூடவே சாராயச் சத்தும் இருக்கு" என்றேன். அவர் ஓடி வந்து என் வாயைப் பொத்தாத குறை. "எது வேணும்னாலும் சொல்லு மகளே, 'தண்ணி'ங்கத மட்டும் மெதுவாச் சொல்லு. வெளியில சபை ஆளுவ நிக்காங்க."

ரிசர்வில் விட்டவர் அவரும் இல்லை. வண்டியை நிறுத்தினால் டேப்பை மூடணும், மூடாவிட்டால் கார்ப்ரேட்டர் நிரம்பிப் பெட்ரோல் இஞ்சின் ஆயிலோடு கலக்கும் என்று நான் அவருக்குப் பிரசங்கம் செய்திருந்தேன். என் பிரசங்கத்தைக் கேட்டு நடந்த ஒரே மனிதர் அவர். நிறுத்துகிற இடத்திலெல்லாம் மூடினார். திறக்கத்தான் மறந்தார். கார்ப்ரேட்டரில் மிச்சம் இருந்த பெட்ரோலில் முக்கு வரை ஓடும், நிற்கும், அங்கிருந்து தள்ளுவார். ரிசர்வ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்டதும் கவலையோடு, "அப்படி ஒண்ணு இருக்கா? மொதல்லயே சொல்லியிருந்தா அதையும் மூடியிருப்பேன்லா" என்றார்.

கோழி

இவருக்கும் கடைவண்டிக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடைகளுக்கு முறுக்குப் போடுகிற ஒருவர். வண்டி தினமும் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார், உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், உடனே வண்டி கிளம்பும். பேய் மூச்சு விடுகிறது என்று முடிவு செய்து கோழி அறுத்துவிட்டார். டேப் அடைப்பு என்று யாரோ என்னிடம் அனுப்பினார்கள். டேப்பில் ஒன்றுமில்லை. மழைக்காக டேங்க் மூடியின் மேல் முறுக்குக் கவரை இழுத்துக் கட்டியிருந்தார். மூடியில் ஊசிமுனை ஓட்டை இருக்கும், காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும்தான் உள்ளே இருந்த காற்று தாங்கியது. கவரை அவிழ்த்துக் கையில் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ கோழி போனது போனதுதானா?" என்றார்.

செதில்

மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஆள் அகப்படவில்லை. வீட்டில் தினமும் அதே பேச்சு. நான் கத்துவேன், வீட்டுக்காரர் "விட்டுரு, வேலை போனா போகுது" என்பார். தக்கலைக்காரர் கீரிப்பாறைக்கு இரண்டு தடவை போய் வந்ததாகச் செய்தி வந்தது. வெறுத்துப்போய்க் கடைவண்டியின் டேப்பையாவது சுத்தம் செய்வோம் என்று திருகைக் கழற்றினேன். கீரிப்பாறையிலிருந்து வந்த நாள் முதல் அதை யாரையும் தொடவிடவில்லை. திருகின் அடியில், விரல் படுகிற இடத்தில், காய்ந்து பளபளவென்று ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மோந்து பார்த்தேன்.

சாளைச் செதில்.

சிவதாணு அண்ணாச்சி வீட்டில் மீன் சேர்ப்பதில்லை. உபதேசியாருக்குச் சாளை முள் ஆகாது. கீரிப்பாறைக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நான் கடையை அடைத்த பிறகு கடற்கரைக்குப் போய், பை நிறையச் சாளை வாங்கி வந்தது யார் என்று எனக்கு நினைவு வந்தது. நான் இரண்டு தட்டு தின்றது எதை என்பதும் நினைவு வந்தது. செதிலைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். வீட்டுக்காரர் செதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரசத்தைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "வந்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவிட்டேன். கழுவுன கையால திரும்பப் போயி அதைத் தொட்டா கை நாறும்லா?"

ஊருக்கெல்லாம் டேப் மூடச் சொல்லிக் கொடுக்கிறவள் வீட்டில்தான் அடிமடை திறந்தே கிடக்கும் என்பது இந்தத் தொழிலில் நான் கற்ற கடைசிப் பாடம்.

மேலே 'நீ', 'நீ' என்று எழுதியதையெல்லாம் மரியாதைக்கு 'நீங்கள்' என்று வாசித்துக்கொள்ளுங்கள், நான் திருத்துவதாக இல்லை. மன்னித்து விடச் சொன்னீர்களே, அதையும் சேர்த்தே மன்னித்துவிட்டேன். ஆனால் வருகிற கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கடைவண்டியின் பின்சீட்டில் ஏறி உட்காருங்கள். தலைவலி, காய்ச்சல், சங்கத்தில் அவசர வேலை, ஒன்றும் செல்லாது. வேர்த்தால் வேர்க்கட்டும், துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டிருக்கிறேன், திருகை மட்டும் நீங்கள் விட்ட இடத்திலேயே விட்டு வைத்திருக்கிறேன். பால் கொட்டகைக்கு முன்னால், ஞானதாசண்ணனும் தக்கலைக்காரரும் மற்றவர்களும் பார்க்க, உங்கள் கையாலேயே அதை ஆனுக்குத் திருப்பி வையுங்கள். கை கழுவச் சோப்பு நான் கொண்டு வருகிறேன்.